ஆக்கலும் காத்தலும்: பேரழுத்தத்தில் பிறக்கும் நைட்ரஜன் சேர்மங்கள்

சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் இரயில் வண்டிகள் பேசின் பிரிட்ஜை நெருங்கியதும் சற்றே நின்றுவிடுவது பயணிகள் அனைவரும் அறிந்த வழக்கம். ஊர் வந்துவிட்டது என்று மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்துக்கொண்டு, வாசலருகே நெருக்கியடித்து நிற்போம். வண்டி நகராது. பக்கிங்காம் கால்வாய், அதன் ஓரத்துக் குடிசைகள், உப்புக் கிடங்குகளால் பெயர்பெற்ற சால்ட் கொட்டார்ஸ், வடக்கே வியாசர்பாடி, மேற்கே புளியந்தோப்பு என்று கண்கள் அலையும். ஒரு காலத்தில் எண்ணூர்ப் பக்கத்து உப்பு இக்கால்வாய் வழியே படகுகளில் வந்து இங்கே இறங்கியது.

புளியந்தோப்பில் இன்றும் 'பவுடர் மில்ஸ் ரோடு' என்றொரு சாலை உண்டு. முகத்துக்குப் பூசும் மாவை அரைத்த இடம் அன்று அது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பீரங்கிகளுக்கு வெடிமருந்து அரைத்த ஆலையின் நினைவே அப்பெயர். ஆலை மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் அஞ்சல் முகவரிகளில் வாழ்கிறது.

அந்த ஆலையில் அரைபட்ட பொருள்களுள் தலையாயது வெடியுப்பு. அதன் உயிர்நாடி நைட்ரஜன். இங்கிருந்து வடக்கே சில மைல் தொலைவில் மணலியில், அதே நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்து யூரியாவாக மாற்றும் பெரிய ஆலை நிற்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால், உலகின் சில ஆய்வுக்கூடங்களில், பூமியின் ஆழத்தில் மட்டுமே நிலவும் பேரழுத்தத்தை உண்டாக்கி, இதுவரை இயற்கையில் எவரும் கண்டிராத நைட்ரஜன் சேர்மங்களை அறிஞர்கள் படைத்து வருகின்றனர். அந்த முயற்சி என்ன, அது எதற்காக, அதில் நமக்கு என்ன பங்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பெயர்கள், ஒரு தனிமம்

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். உழவர் இதனைத் தழைச்சத்து என்பர். பயிருக்குப் பச்சை நிறமும் தழையும் தருவது இதுவாதலின் அப்பெயர் பொருந்தும். தமிழில் கலைச்சொல் ஆக்கியோர் சிலரோ இதற்கு 'வெடியம்' என்று பெயரிட்டனர். வெடியுப்பில் இருப்பதாலும் வெடிபொருள்கள் பெரும்பாலானவற்றில் காணப்படுவதாலும் அப்பெயரும் பொருந்தும். ஒரே தனிமத்துக்கு ஊட்டுவதைக் குறிக்கும் பெயர் ஒன்று, அழிப்பதைக் குறிக்கும் பெயர் மற்றொன்று. இந்த இரட்டைத் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால் பேரழுத்த வேதியியலின் பாதியை அறிந்தவராவோம்.

காற்றில் நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியே திரிவதில்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாக உள்ளன. ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று கைகள் உண்டென்று கொள்வோம். இரு அணுக்களும் தம் மூன்று கைகளாலும் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. வேதியியலார் இதனை முப்பிணைப்பு என்பர். வேதியியலில் அறியப்பட்ட மிக உறுதியான பிணைப்புகளுள் இது ஒன்று. ஒரு மோல் அளவு நைட்ரஜனில் இதனைப் பிரிக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவேதான் நம்மைச் சூழ்ந்து ஒரு நைட்ரஜன் கடலே இருந்தும், பயிரால் அதனை நேரே உண்ண இயலவில்லை. கடல் நடுவே குடிநீருக்கு ஏங்கும் மாலுமியின் நிலை அது.

இப்போது, இரு நைட்ரஜன் அணுக்கள் ஒரே ஒரு கையால் பற்றிக்கொள்வதாகக் கொள்வோம். அந்த ஒற்றைப் பிணைப்பின் வலிமை சுமார் 160 கிலோஜூல் மட்டுமே. மூன்று ஒற்றைப் பிணைப்புகளைக் கூட்டினாலும் 480தான். ஒரு முப்பிணைப்பின் வலிமையில் பாதியை ஒட்டியே நிற்கிறது. மற்றத் தனிமங்கள் பலவற்றில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. நைட்ரஜனின் தனிக்குணம் இது. ஒற்றைக் கைகளால் பிணைக்கப்பட்ட நைட்ரஜன் அணுக்கள், வாய்ப்புக் கிடைத்ததும் மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து முப்பிணைப்பு ஆகிவிடத் துடிக்கின்றன. அவ்வாறு சேரும்போது மிச்சமாகும் ஆற்றல் வெப்பமாகவும் விரியும் வாயுவாகவும் வெளிப்படுகிறது.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களைதல் நன்று. நைட்ரஜன் மிகுந்த பொருளெல்லாம் வெடிக்கும் என்பதன்று. எடைக் கணக்கில் அம்மோனியாவில் நூற்றுக்கு 82 பங்கும் யூரியாவில் 46 பங்கும் நைட்ரஜன் உள்ளது. வெடியுப்பில் 14 பங்கு மட்டுமே. ஆயினும் வெடிமருந்தில் சேர்வது வெடியுப்புத்தான். எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனை அது தன்னுடனேயே சுமந்து வருகிறது. நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அது எதனோடு, எவ்வாறு பிணைந்திருக்கிறது என்பதே முதன்மையானது.

சீனப் பனியும் நவச்சாரமும்

நைட்ரஜன் என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதன் சேர்மங்களை முஸ்லிம் உலகின் அறிஞர்கள் நன்கு கையாண்டனர். மலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பை எகிப்தின் பழைய மருத்துவர்கள் 'ஸல்ஜுஸ் ஸீன்', அதாவது சீனப் பனி என்றும், மக்ரிப் மக்கள் 'பாரூத்' என்றும் அழைத்ததாகக் குறித்துள்ளார். பாரூத் என்ற அச்சொல்லே பின்னாளில் வெடிமருந்து முழுமைக்கும் பெயராகி, பாரசீகம் வழியாக நம் நாட்டு உருதுவிலும் குடிபுகுந்தது.

1295இல் மறைந்த சிரிய நாட்டவரான ஹசன் அல்-ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றித் தாம் எழுதிய நூலில், மண்ணிலிருந்து கிடைக்கும் வெடியுப்பை மரச்சாம்பலின் துணையால் தூய்மைப்படுத்தும் முறையைத் தெளிவாக விளக்கியுள்ளார். வேண்டாத சுண்ண, மக்னீசிய உப்புகளைச் சாம்பல் நீர் படியச் செய்துவிடும் என்பது இன்றைய வேதியியலும் ஏற்கும் உண்மை.

வெடிமருந்தை முதலில் கண்டவர்கள் அரபியர் என்று நம் மேடைகளில் சிலர் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. அது சரியன்று. அதனை முதலில் அறிந்தவர்கள் சீனர். 'சீனப் பனி' என்ற பெயரே அதற்குச் சான்று. பிறரிடம் பெற்றதைப் பெற்ற இடத்தின் பெயராலேயே வழங்கி, அதனைத் தூய்மையாக்கும் கலையை எழுத்தில் வைத்துச் சென்றதே அவ்வறிஞர்களின் உண்மைச் சிறப்பு. இல்லாத பெருமையைச் சேர்ப்பது இருக்கும் பெருமையைக் குறைத்துவிடும்.

அம்மோனியாவின் கதையும் இத்தகையதே. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில் 'நூஷாதிர்' என்னும் உப்புக்குத் தனியிடம் உண்டு. அத்தொகுதி முழுவதும் ஒருவர் எழுதியதா, பலர் எழுதியதா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் சுரங்கத்தில் கிடைப்பதோடு, முடி முதலிய உயிர்ப்பொருள்களை வாலையில் வடித்தும் நூஷாதிர் பெறலாம் என்னும் செய்தி அதில் உள்ளது. நம் வீட்டுச் செம்புத் தேக்சாக்களுக்கு ஈயம் பூச வருபவர், சூடேறிய பாத்திரத்தில் வெள்ளைத் தூளைத் தூவித் துணியால் துடைக்கும்போது குபீரென்று வெண்புகை எழுவதைப் பழைய தலைமுறையினர் கண்டிருப்பர். நாம் நவச்சாரம் என்னும் அத்தூளே நூஷாதிர், அம்மோனியம் குளோரைடு.

இவர்கள் எல்லாரும் இயற்கை ஏற்கெனவே பிணைத்துத் தந்த நைட்ரஜனையே கையாண்டனர். காற்றின் நைட்ரஜனைப் பிரித்துப் புதிதாகப் பிணைக்கும் திறன் மனிதனுக்கு வாய்க்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதற்குத் திறவுகோலாக அமைந்தது அழுத்தம்.

காற்றிலிருந்து உணவு

1909ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலார், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில், உயர் வெப்பத்தில், வினையூக்கி ஒன்றின் மீது செலுத்தி, சொட்டுச் சொட்டாக அம்மோனியா வரச் செய்து காட்டினார். நான்கு பங்கு வாயு சேர்ந்து இரண்டு பங்கு வாயுவாகச் சுருங்குவது இவ்வினை. அழுத்தம் கூடினால் சுருங்கும் பக்கமே வினை சாயும் என்பது பொது விதி. அந்த விதியையே ஹேபர் பயன்படுத்தினார்.

மேசை மீது செய்ததை ஆலையாக்கியவர் கார்ல் போஷ். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகின் உள்ளேயே ஊடுருவி, அதிலுள்ள கரியைத் தின்று, உறுதிமிக்க கலன்களையும் பிளந்துவிட்டது. போஷ், உள்ளே மென்மையான இரும்பால் ஒரு உறையும், வெளியே நுண்துளைகள் இட்ட எஃகுக் கூடும் அமைத்தார். கசியும் ஹைட்ரஜன் துளைகள் வழியே தீங்கின்றி வெளியேறியது. 1913இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், போஷுக்கு 1931இல் உயர் அழுத்த முறைகளுக்காக அதே பரிசும் கிடைத்தன. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இம்முறையால் கிடைக்கும் உரத்தைச் சார்ந்துள்ளது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஆனால் அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு பொழிந்ததை இராயபுரமும் ஜார்ஜ் டவுனும் நெடுங்காலம் மறக்கவில்லை. சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வரவிடாமல் ஆங்கிலேயக் கடற்படை தடுத்தபோது, பயிருக்கென்று பிறந்த அம்மோனியா வெடிமருந்தாக மாறி அந்தப் போரை நீட்டித்தது. ஹேபர் தாமே 1915இல் ஈப்ரஸ் போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். ஊட்டும் கையும் அழிக்கும் கையும் ஒருவருடையதாகவே இருந்தது.

அந்த முறையின் கிளை நம் ஊருக்கும் வந்தது. 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம், மணலியில் 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் பின்னர் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் நடுவண் அரசோடு இதில் பங்கு கொண்டன. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன் பெற்றுவந்த இவ்வாலை, எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் அமைந்தபின் 2019இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருபது கிலோவுக்கு மேல் நைட்ரஜன் உள்ளது. தஞ்சை வயலில் தூவப்படும் தழைச்சத்து, ஒருகாலத்தில் மணலியின் மேல் வீசிய காற்றாக இருந்திருக்கலாம்.

வைர முனைகளுக்கிடையே

ஹேபர் ஆண்டது 200 மடங்கு அழுத்தம். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் நிலவுவது ஏறத்தாழ 1,100 மடங்கு. பூமியின் நடுமையத்தில் 36 இலட்சம் மடங்கு. இன்று நாம் பேசப்போகும் சேர்மங்கள் நான்கு இலட்சம் முதல் பதினான்கு இலட்சம் மடங்கு வரையிலான அழுத்தத்தில் பிறப்பவை. அறிவியலார் இதனை ஜிகாபாஸ்கல் என்ற அலகால் அளப்பர். ஒரு ஜிகாபாஸ்கல் ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம்.

இத்தகைய அழுத்தத்துக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதே வியப்பு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. பரப்பு சிறுத்தால் அழுத்தம் பெருகும். ஊசி துணியில் இறங்குவதும் விரல் இறங்காததும் இதனால்தான். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையின் மீது 80 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவரின் முழுப்பாரமும் இறங்குமாயின், அங்கே உண்டாவது பத்து இலட்சம் மடங்கு அழுத்தம். ஆனால் அதனைத் தாங்க முனை வைரமாக இருக்கவேண்டும். எதிரெதிரே இரு வைரங்கள், இடையே நுண்துளையிட்ட உலோகத் தகடு, துளைக்குள் ஆய்வுப்பொருள், இறுக்குவதற்குச் சில திருகாணிகள். உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியே வைரப் பட்டடைக் கலன். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் இது உருவாயிற்று.

வைரத்துக்கு இன்னொரு நற்பண்பும் உண்டு. அது ஒளி புகவிடும். ஆகவே அழுத்தத்தில் இருக்கும் பொருளை அங்கேயே கண்ணால் காணலாம். லேசர் கதிரைப் பாய்ச்சி ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடாக்கலாம். எக்ஸ் கதிரால் அணுக்களின் அடுக்கை அறியலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு இங்கே பெருந்துணை புரிகிறது. ஒவ்வொரு பிணைப்பும் தனக்கேயுரிய அதிர்வால் சிதறும் ஒளியின் நிறத்தைச் சற்றே மாற்றும். நைட்ரஜனின் முப்பிணைப்புக்கு ஒரு கோடு. ஒற்றைப் பிணைப்புக்கு வேறொரு கோடு. முதற்கோடு மறைந்து இரண்டாம் கோடு தோன்றினால், கைகள் மாறிப் பற்றிவிட்டன என்று அறியலாம்.

இத்துறையில் நாம் நினைவுகொள்ள வேண்டிய பெயர் ஏ. ஜெயராமன். பெங்களூரில் இராமனிடம் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உயர் அழுத்த இயற்பியலில் புகழ்பெற்றார். வைரப் பட்டடைக் கலன் குறித்து 1983இல் அவர் எழுதிய விரிவான ஆய்வுரை, உலகெங்கும் இத்துறைக்குள் நுழைந்த மாணவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது. நமக்கு அருகே கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இக்கலனைக் கொண்டு ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

நெரிசலில் கைகள் மாறுகின்றன

இவ்வளவு அழுத்தத்தில் நைட்ரஜனுக்கு என்ன நேர்கிறது? பேசின் பிரிட்ஜ் இரயில் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். கூட்டம் குறைவாக இருக்கையில் இரு நண்பர்கள் கைகோத்துத் தனித்து நிற்கலாம். அவர்களைச் சுற்றி இடம் வெறுமையாக இருக்கும். நெரிசல் மிகும்போது அது இயலாது. ஒவ்வொருவரும் நாற்புறமும் இருப்பவர் தோளையும் கம்பியையும் பற்றி நின்றாக வேண்டும். பெட்டி முழுதும் ஒரே பின்னலாகிவிடும். நைட்ரஜன் மூலக்கூறுகளும் அவ்வாறே. இணைகளாக இருப்பதற்கு இடம் அதிகம் தேவை. அழுத்தம் அவ்விடத்தை மறுக்கும்போது, மூன்று கைகளையும் மூன்று அண்டை அணுக்களுக்கு நீட்டி, எல்லா அணுக்களும் ஒரே பின்னலாக ஆவதே மலிவான வழியாகிறது.

இத்தகைய கனசதுரப் பின்னல் ஒன்று உருவாகக்கூடும் என்று 1992இல் அமெரிக்க இயற்பியலார் கணக்கிட்டுக் கூறினர். 2004இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் மிகயீல் எரெமெட்ஸும் அவர்தம் குழுவினரும், 110 ஜிகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் 2,000 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அதனைப் படைத்துக் காட்டினர். காற்றில் கண்ணுக்குத் தெரியாத வாயு, வைரத்தை ஒத்த கட்டமைப்புடைய திண்மமாயிற்று. கோட்பாட்டுக் கணக்கின்படி இது தன்னுள் தேக்கியுள்ள ஆற்றல், சம எடையுள்ள டி.என்.டி.யைப் போல் இருமடங்குக்கும் மேல். அது வெளிப்பட்டபின் எஞ்சுவதோ தூய நைட்ரஜன், புகையுமில்லை, நச்சுமில்லை. விண்கல எரிபொருளாளர்களும் படைக்கலத் துறையினரும் ஒருசேர இதனை நோக்குவதன் காரணம் விளங்கும்.

ஆனால் ஒரு தடை. அழுத்தத்தைக் குறைக்கும்போது, சுமார் 42 ஜிகாபாஸ்கல் வரை மட்டுமே எரெமெட்ஸ் அதனைக் காத்து வைக்க முடிந்தது. அதற்குக் கீழே நெரிசல் தளர்ந்ததும் நண்பர்கள் பழையபடி இணைசேர்ந்துவிட்டனர்.

ஐந்தும் ஆறும்

தனி நைட்ரஜன் இவ்வாறு நழுவியதால், வேறொரு தனிமத்தைத் துணைக்கு அழைத்தனர். லித்தியம், பொட்டாசியம், சீசியம் போன்ற உலோகங்கள் எலக்ட்ரான்களைத் தாராளமாக ஈபவை. அவை தந்த எலக்ட்ரான்களைப் பெற்ற நைட்ரஜன் அணுக்கள் குறைந்த அழுத்தத்திலேயே வளையங்களாகவும் சங்கிலிகளாகவும் இணைகின்றன. 2016இல் சீசியத்தோடு சுமார் 60 ஜிகாபாஸ்கலில், ஐந்து நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த வளையம் பெறப்பட்டது. 2018இல் டொமினிக் லானியேலும் அவர்தம் குழுவினரும் லித்தியத்தோடு 45 ஜிகாபாஸ்கலில் அதே வளையத்தைப் படைத்தனர். எடையில் நூற்றுக்கு 91 பங்கு நைட்ரஜனே ஆன அந்த உப்பு, அழுத்தம் நீக்கியபின்னும் சிதையாது நின்றது.

2023இல் லானியேல் குழுவினர் ஒன்பது பொட்டாசியத்துக்கு ஐம்பத்தாறு நைட்ரஜன் என்ற விகிதத்தில் அமைந்த சேர்மத்தை 46, 61 ஜிகாபாஸ்கல் அழுத்தங்களில் கண்டனர். அதில் ஆறு நைட்ரஜன் அணுக்களால் ஆன தட்டையான வளையங்கள் உள்ளன. கரிம வேதியியல் படித்தோர் அனைவரும் அறிந்த பென்சீன் வளையத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் அமர்ந்தது போன்ற அமைப்பு அது. நெடுங்காலமாக வேதியியலார் தேடிய வளையம்.

எல்லாத் தேடலும் வெடிபொருளை நோக்கியதன்று. 2004இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தார் 50 ஜிகாபாஸ்கலை ஒட்டிய அழுத்தத்தில், எதனோடும் எளிதில் சேராத பிளாட்டினத்தையே நைட்ரஜனோடு சேர்த்தனர். 2023இல் எடின்பரோ உள்ளிட்ட ஐரோப்பியக் குழுவினர் 70 முதல் 135 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மிகக் கடினமான சேர்மங்களைப் பெற்று, அவற்றைச் சாதாரண அழுத்தத்துக்கு மீட்டும் கொணர்ந்தனர். வைரத்தோடு ஒப்பிடத்தக்க கடினமுடைய இவை வெட்டுக்கருவிகளுக்கும் காப்புப் பூச்சுகளுக்கும் பயன்படலாம். இங்கே நைட்ரஜன் தன்னோடு தான் பிணையாமல் கார்பனோடு பிணைந்துள்ளது. முன்னர் கூறிய உண்மையை இது மெய்ப்பிக்கிறது: எதனோடு பிணைந்துள்ளது என்பதே குணத்தைத் தீர்மானிக்கிறது.

பேரழுத்தம் இன்றியும் சிலர் இலக்கை அடைய முயல்கின்றனர். 2017இல் சீனாவின் நான்ஜிங் அறிஞர்கள் ஐந்து அணு வளையத்தை வழக்கமான கரைசல் வேதியியலாலேயே பெற்றனர். 2025இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தார் ஆறு நைட்ரஜன் அணுக்கள் மட்டுமே கொண்ட மின்னூட்டமற்ற மூலக்கூற்றைப் படைத்துக் கடுங்குளிரில் சிறைப்பிடித்தனர்.

எனினும் அளவை மறந்துவிடக் கூடாது. வைர முனைகளுக்கிடையே உள்ள அறையின் விட்டம் 30 மைக்ரான், உயரம் 10 மைக்ரான் என்று கொண்டால், அதில் அடங்கும் திண்ம நைட்ரஜன் ஒரு கிராமில் மூன்றரைக் கோடியில் ஒரு பங்கு. ஒரு கிராம் சேர்ப்பதற்கு அதே சோதனையை மூன்றரைக் கோடி முறை செய்ய வேண்டும். இன்று இச்சேர்மங்கள் ஆயுதமுமல்ல, எரிபொருளுமல்ல. பிணைப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கான விடைகள். ஆனால் 1909இல் ஹேபரின் மேசையிலிருந்து சொட்டிய அம்மோனியாவும் சிறிதாகவே தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் அது ஆலையாயிற்று.

காத்தல் என்னும் கலை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நைட்ரஜன் சேர்மங்களை ஆக்குவதை விடக் காப்பதே கடினம். பேரழுத்த ஆய்வாளர் முன் நிற்கும் தலையாய சிக்கலும் அதுவே: பெற்றதைச் சிதையாமல் மீட்பது எப்படி? ஆலைகளின் வரலாற்றிலும் பெருந்துயரங்கள் பல ஆக்கும்போது நிகழவில்லை, வைத்திருக்கும்போதே நிகழ்ந்தன.

1921 செப்டம்பர் 21இல், போஷின் பெருமையான அதே ஓப்பாவில், கிடங்கில் இறுகிப்போன உரக் குவியலைச் சிறு வெடிகளால் உடைத்துத் தளர்த்த முயன்றபோது குவியலே வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன் பல்லாயிரம் முறை தீங்கின்றிச் செய்த வேலை அது. 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பலில் தீப்பற்றி, ஐந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். நகரின் பாதி குலைந்தது.

பெய்ரூத் செய்தி வந்த சில நாட்களிலேயே வட சென்னை திடுக்கிட்டது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே அம்மோனியம் நைட்ரேட், சுமார் 697 டன், மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஐந்தாண்டுகளாகக் கிடப்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் மாதமே அது லாரிகளில் ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. நல்வாய்ப்பாக ஏதும் நேரவில்லை. ஆயினும் அந்த ஐந்தாண்டுகள் அக்கம்பக்கத்தில் உறங்கியோர் எவரும் அதனை அறிந்திருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நூஷாதிரின் ஆவியைப் பல நூற்றாண்டுகளாக மனிதன் அறிவான். அதனைக் குழாய்க்குள் காத்து வைப்பதில் இன்னும் தவறுகிறான்.

நம் வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. ஒப்படைத்தவர் கேட்கும்வரை அதனைச் சேதமின்றிக் காப்பது ஏற்றவரின் கடமை. பொதுவாக நாம் இச்சொல்லைப் பணத்துக்கும் நகைக்கும் வாக்குக்கும் ஆள்வோம். மக்கள் நெருங்கி வாழும் ஊரின் நடுவே வைக்கப்படும் வேதிப்பொருளுக்கும் அது பொருந்தும். அங்கே ஒப்படைக்கப்படுவது பொருள் மட்டுமன்று. சுற்றி வாழ்வோரின் உயிர். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாள், தவறு நேர்ந்தால் எத்திசையில் ஓட வேண்டும் என்பதை அறியும் உரிமை மணலிக்கும் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் உண்டு. அந்த உரிமையைக் கேட்பதற்கும் அறிவியல் அறிவு வேண்டும். அம்மோனியா எது, அம்மோனியம் நைட்ரேட் எது, எது மூச்சை அடைக்கும், எது வெடிக்கும் என்று பிரித்தறியாதவர் எதனை அஞ்சுவது, எதனை அஞ்சவேண்டாம் என்றும் அறியார்.

ஆகவே நம் பிள்ளைகள் இத்துறைக்கு வர வேண்டும். ஹசன் அல்-ரம்மாஹின் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டல் பெறுவதற்காக அன்று. அவர் செய்ததைப் போலக் கையில் கிடைத்ததைத் தூய்மையாக்கி, செய்முறையை ஒளிவின்றி எழுதி வைப்பதற்காக. வைர முனைகளுக்கிடையே கைகள் மாறிப் பற்றும் அணுக்களைக் காண்பதற்கும், கிடங்கின் பூட்டுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கும் வேண்டியது ஒரே கல்விதான்.

அடுத்த முறை பேசின் பிரிட்ஜில் வண்டி நிற்கும்போது, மேற்கே பவுடர் மில்ஸ் ரோடு இருக்கும் திசையையும், வடக்கே மணலியின் புகைபோக்கிகள் நிற்கும் திசையையும் ஒருமுறை நோக்கலாம். வெடியுப்பும் தழைச்சத்தும் இருந்த, இருக்கின்ற இடங்கள். இரண்டுக்கும் நடுவில், சன்னல் வழியே நம் முகத்தில் படும் காற்றில், நூற்றுக்கு 78 பங்கு அதே நைட்ரஜன், மூன்று கைகளாலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அமைதியாக இருக்கிறது. அந்தக் கைகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டோம். பிரித்தபின் காக்கவும் கற்றாக வேண்டும்.